பழைய கைக்கு ரஸ்ட்: அனுபவமுள்ள நிரலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சில வருடங்களாக ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் பத்து வருடத்துக்கு மேல் ஜாவா, அதற்கும் முன்னால் கொஞ்ச காலம் சி++. டீ குடிக்கப் போகும்போது கூட வேலை செய்பவர்கள் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஃபார் லூப் என்றால் என்ன என்பதெல்லாம் இதில் இருக்காது. புரொடக்‌ஷன் படுத்துவிட்டது என்று நள்ளிரவில் போன் வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கான பக்கம் இது.

மூன்று மொழி தெரியும். நான்காவதை ஒரு வார இறுதியில் பிடித்துவிட முடியாதா?

எழுத்து வடிவத்தைப் பிடித்துவிடலாம். அடைப்புக்குறி, ஃபங்ஷன், ஸ்ட்ரக்ட் எல்லாம் பார்த்த முகங்கள்தான். ஜாவாவிலிருந்து சி ஷார்ப்புக்குப் போனது மாதிரி இதுவும் இருக்கும் என்று நம்பி உட்கார்ந்தால்தான் ஞாயிறு சாயங்காலம் லேப்டாப்பை மூடத் தோன்றும். அங்கே பழைய பழக்கத்தைப் புது எழுத்தில் எழுதினால் ஓடிவிடும். இங்கே கம்பைலே ஆகாது, அதாவது நிரலை இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றும் கம்பைலர் அதை ஏற்காது.

தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், கம்பைலர் எதற்குத் திட்டுகிறது என்று புரிய எனக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. திட்டு வாங்காத மாதிரி முதலிலேயே வடிவமைக்க இன்னும் பல மாதம். என் அணியில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் சிலர் என்னைவிட வேகமாகப் பிடித்தார்கள். மறக்க வேண்டியது அவர்களுக்குக் குறைவு.

இருக்கிற மொழிகள் போதாதா? இது எதற்காக வந்தது?

2006-ல் கனடாவின் வான்கூவர் நகரில், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைச் செய்யும் மொசில்லாவில் வேலை பார்த்த கிரேடன் ஹோர் வீடு திரும்பியபோது லிஃப்ட் ஓடவில்லை. அதன் மென்பொருள் கிராஷ் ஆகியிருந்தது. அவர் வீடு 21-வது மாடியில். படியேறி வீட்டுக்கு வந்தவர் ஒரு புது மொழியை வரையத் தொடங்கினார் என்பது இதன் தல புராணம். லிஃப்ட் மாதிரியான கருவிகளின் நிரல் பெரும்பாலும் சி-யிலோ சி++-லோ இருக்கும். அங்கே மெமரியைக் கையாள்வதில் ஒரு சின்னச் சறுக்கல் போதும். 2009-ல் மொசில்லா இந்த முயற்சியைத் தத்தெடுத்தது. 1.0 பதிப்பு 2015 மே 15 அன்று வந்தது. பெயரைப் பார்த்து இரும்புத் துரு என்று நினைத்தால் தப்பு. கோதுமையில் துரு நோயாக வருமே, அந்தப் பூஞ்சையை நினைத்து வைத்த பெயர். சாகடிக்க முடியாத ஜீவன்.

கதை இருக்கட்டும். தங்கள் மென்பொருள்களில் வரும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் மெமரி பிழைகளால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது. குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் அணி தன் கடுமையான பாதுகாப்புப் பிழைகளைப் பற்றி 2020-ல் ஏறக்குறைய அதே எண்ணைச் சொன்னது. இத்தனைக்கும் இரண்டு இடத்திலும் தேர்ந்த கைகள், ஆயிரம் சோதனைக் கருவிகள். கவனமாக எழுதினால் போதும் என்ற வாதம் எனக்கு அன்றோடு முடிந்துபோனது. ஆண்ட்ராய்டில் புது நிரல்களை ரஸ்ட், கோட்லின் போன்ற பாதுகாப்பான மொழிகளில் எழுத ஆரம்பித்த பிறகு, மெமரி சார்ந்த ஓட்டைகளின் பங்கு 2019-ல் 76 சதவீதமாக இருந்தது 2024-ல் 24 சதவீதத்துக்கு இறங்கியது. பழைய நிரலைத் திருத்தி எழுதியதால் வந்த பலன் இல்லை இது. புதிதாக எழுதுவதை மாற்றியதற்கே இவ்வளவு. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் 6.1 பதிப்பில், 2022 டிசம்பரில், ரஸ்ட் முதல் முறையாகக் கால் வைத்தது.

உரிமை, இரவல் என்கிறார்களே, அது என்ன?

ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஒரு உரிமையாளர், அதாவது ஒரு வேரியபிள். அந்த வேரியபிளின் எல்லை முடிந்ததும் மதிப்பும் அழியும். குப்பை பொறுக்கும் கார்பேஜ் கலெக்டர் வேண்டாம், ஃப்ரீ செய்ய நீங்களும் நினைவு வைத்திருக்க வேண்டாம். அந்த மதிப்பை இன்னொரு வேரியபிளுக்கோ ஃபங்ஷனுக்கோ கொடுத்துவிட்டால் உரிமை கைமாறிவிடும். பழைய பெயரை அதற்குப் பிறகு தொட முடியாது. மனையை விற்றுப் பத்திரம் பதிந்த பிறகு அதே மனையை இன்னொருவருக்கு விற்க முடியாதல்லவா. ஒரே மனையை இரண்டு பேர் தலையில் கட்டிய கதைகள் நம் ஊரில் உண்டு. சி-யில் ஒரே மெமரியை இரண்டு இடங்கள் தன்னுடையது என்று நினைத்து இரண்டுமே விடுவிக்கும், டபுள் ஃப்ரீ என்பார்கள். ரஸ்ட் கம்பைலர் ஒவ்வொரு வரிக்கும் வில்லங்கம் போட்டுப் பார்க்கிற சார்பதிவாளர். கையூட்டுக்கும் மசியாதவர்.

பார்த்துவிட்டுத் தரட்டும் என்றால் இரவல் கொடுக்கலாம். இதைக் கடன் என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு, எனக்கு ஒப்பவில்லை. கடன் வாங்கிய நூறு ரூபாயை வேறு நோட்டாகத் திருப்பித் தரலாம். கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய ஆரத்தை அதே ஆரமாகத்தான் தர வேண்டும். வாங்கியவர் விற்கக் கூடாது. கொடுத்தவரும் அது திரும்பி வரும்வரை அதை உருக்கி வளையல் செய்ய முடியாது. இந்த இரண்டாவது பாதியைத்தான் மற்ற மொழிகளிலிருந்து வருகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

விதி இவ்வளவுதான்: பார்க்க மட்டும் என்றால் எத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் இரவல் தரலாம். மாற்றலாம் என்ற அனுமதியோடு தந்தால் ஒருவருக்கு மட்டும், அந்த நேரத்தில் வேறு யாருக்கும் பார்க்கக்கூடக் கிடையாது.

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் இந்த விதியை மீறி நீங்கள் ஏற்கெனவே அடி வாங்கியிருப்பீர்கள். ஜாவாவில் ஒரு பட்டியலை ஒவ்வொன்றாகச் சுற்றி வரும்போதே அதிலிருந்து ஒன்றை நீக்கினால் என்ன வரும்? கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்செப்ஷன். ஓடும்போது, சில சமயம் வாடிக்கையாளர் முன்னால். சி++-ல் வெக்டரைச் சுற்றும்போது புதிதாக ஒன்றைச் சேர்த்தால், இடம் போதாதபோது மொத்தமும் வேறு இடத்துக்கு நகர்ந்து, கையில் இருக்கும் இட்டரேட்டர் காலி வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும், எக்செப்ஷன்கூட வராது. ரஸ்டில் சுற்றுகிறவர் பார்க்க இரவல் வாங்கியிருக்கிறார், சேர்க்கிறவர் மாற்ற இரவல் கேட்கிறார், இரண்டும் ஒன்றாக ஆகாது என்று கம்பைலர் 0502 என்ற எண்ணோடு நிறுத்திவிடும். பிழை புதிதில்லை. அது உங்களிடம் வந்து சேரும் நேரம்தான் முன்னால் வந்திருக்கிறது.

கம்பைலரோடு மல்லுக்கட்டியே பொழுது போகிறது. தப்பு என்னிடமா, மொழியிடமா?

முதல் மாதம் பெரும்பாலும் உங்களிடம். பிழைச் செய்தியை முழுக்கப் படிக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஜாவா ஸ்டாக் டிரேஸைப் பார்த்துப் பார்த்து முதல் வரியோடு நிறுத்தும் பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. ரஸ்டில் எந்த வரியில் உரிமை கைமாறியது, எந்த வரியில் பிறகு தொட்டீர்கள், என்ன செய்தால் சரியாகும் என்று அம்புக்குறி போட்டுச் சொல்லும். பெரும்பாலான பிழைகளுக்கு எண் உண்டு. அந்த எண்ணைக் கொடுத்து விளக்கம் கேட்டால் சின்ன உதாரணத்தோடு ஒரு பக்கம் வரும். 0382 என்றால் கைமாறியதைத் திரும்பத் தொட்டிருக்கிறீர்கள். 0597 என்றால் இரவல் கொடுத்தவர், வாங்கியவருக்கு முன்பே செத்துப்போகிறார். இப்படி நான்கைந்து எண்கள் மனப்பாடமானாலே பாதிக் கலவரம் அடங்கிவிடும்.

மொழியின் பக்கமும் தப்பு உண்டு. நமக்குச் சரியென்று தெரிகிற, உண்மையிலேயே சரியான சில நிரல்களைக் கம்பைலர் மறுக்கும். முன்பு இது இன்னும் மோசம். இரவல் என்பது எழுதிய அடைப்புக்குறி மூடும்வரை நீடிக்கும் என்று பிடிவாதம் பிடித்தது. 2018 டிசம்பரில் வந்த 1.31 பதிப்பிலிருந்து, கடைசியாகப் பயன்படுத்திய வரியோடு இரவல் முடிந்தது என்று புரிந்துகொள்கிறது. அதற்கு முன் எழுதப்பட்ட புலம்பல்களை இணையத்தில் படித்துப் பயப்பட வேண்டாம்.

பிழை போக எல்லா இடத்திலும் குளோன் போட்டுவிடுகிறேன். பாவமா?

கற்கும்போது பாவமே இல்லை. பட்டா விவகாரம் பிடிபடாதபோது ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்து வேலையை முடிப்பதில் என்ன தப்பு? ஜாவாவில் பின்னால் எத்தனை பொருள்கள் உருவாகி அழிகின்றன என்று நாம் என்றாவது எண்ணினோமா? நிரல் ஓடட்டும். பிறகு குளோன் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி, ஒவ்வொன்றிலும் ‘இது உண்மையில் யாருடையது?’ என்று கேளுங்கள். பாதி தானாகவே போய்விடும். மீதி இருந்துவிட்டுப் போகட்டும்.

நல் (எதுவும் இல்லை என்ற வெற்று மதிப்பு) இல்லை, எக்செப்ஷனும் இல்லை என்கிறார்கள். எப்படிக் குடித்தனம் நடத்துவது?

நல் பாயிண்டரைக் கண்டுபிடித்த டோனி ஹோரே 2009-ல் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்றார். (ரஸ்டை ஆரம்பித்தவர் வேறு ஹோர். குழப்பிக்கொள்ளாதீர்கள்.) ரஸ்டில் ‘இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’ என்பதற்கு ஆப்ஷன் என்ற வகை. ‘நடக்கலாம், பிழையும் வரலாம்’ என்பதற்கு ரிசல்ட். உறையைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது. பிரிக்கும்போது இரண்டு நிலைக்கும் பதில் எழுதியாக வேண்டும். ஒரு கிளையை விட்டுவிட்டால் கம்பைல் ஆகாது. வேகமும் குறையாது. மெமரியில் வேறிடத்தில் இருப்பதைச் சுட்டும் பாக்ஸ் பாயிண்டரை ஆப்ஷனுக்குள் வைத்தாலும் ஒரு பைட்டுகூட அதிகம் பிடிக்காது.

கோ மொழியிலிருந்து வருபவர்களுக்கு இது சொர்க்கம். அங்கே ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னாலும் பிழை இருக்கிறதா என்று மூன்று வரி எழுதிச் சலித்திருப்பார்கள். இங்கே ஒரு கேள்விக்குறி போட்டால் பிழை மேலே போய்விடும்.

அன்ராப் என்று ஒரு குறுக்குவழி உண்டு. இருந்தால் கொடு, இல்லையென்றால் நிரலையே நிறுத்து என்று அர்த்தம். பயிற்சிக்குச் சரி. புரொடக்‌ஷனில் ஏன் வைத்தாய் என்று கேட்டால் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும்.

கிளாஸ், இன்ஹெரிட்டன்ஸ் இல்லாமல் எப்படி வடிவமைப்பது?

ஜாவாக்காரர்கள் அதிகம் தவிப்பது இங்கேதான். தாய் கிளாஸ், அதற்குக் கீழே மூன்று பிள்ளைகள் என்று கைவழக்கமாகக் கிளை பிரிப்போம். ரஸ்டில் அது கிடையாது. தரவு ஸ்ட்ரக்டிலோ, ஈனம் எனும் வகைப்பட்டியலிலோ இருக்கும், செய்யக்கூடியவை டிரெய்ட்டில் இருக்கும். ஈனம் என்றதும் ஜாவாவின் ஈனம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே ஒவ்வொரு வகையும் தனக்கென்று வேறு வேறு தரவை வைத்துக்கொள்ளலாம். பணம் செலுத்தும் முறை என்றால் ரொக்கம் வெறுமனே இருக்கும், அட்டை எண்ணை வைத்திருக்கும், யுபிஐ முகவரியை வைத்திருக்கும். நாளை நான்காவது முறையைச் சேர்த்தால், அதைக் கவனிக்காத ஒவ்வொரு இடத்தையும் கம்பைலரே பட்டியல் போட்டுக் காட்டும். எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்தது உரிமை விவகாரத்தைவிட இதுதான்.

பயிற்சிக்கு முதலில் லிங்க்டு லிஸ்ட் எழுதலாமா?

வேண்டாம். சி-யில் அது இரண்டாம் வாரப் பாடம். ரஸ்டில் அதுவே பெரிய பள்ளம். இருபக்கமும் இணைந்த பட்டியலில் ஒரு கணுவை முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் பிடித்திருக்கும், உரிமையாளர் ஒருவரே என்ற விதிக்கு நேர் எதிர். பழைய கைகள் எல்லாம் நேராகப் போய் இதில்தான் விழுகின்றன. நானும் விழுந்தேன், மூன்று நாள்.

ஸ்டிரிங்குக்கு எதற்கு இத்தனை வகை? மூன்றாவது எழுத்தைக் கொடு என்றால்கூடத் தர மாட்டேன் என்கிறதே?

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பதில் மற்றவர்களைவிடச் சுலபமாகப் புரியும். ‘தமிழ்’ என்று ஒரு ஸ்டிரிங்கில் வையுங்கள். அதன் நீளம் என்ன? நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8-ல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15. ஜாவாவும் பைத்தானும் 5 என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ரஸ்டில் நீளம் கேட்டால் 15 வரும், குறியீடுகளாக எண்ணச் சொன்னால் 5 வரும். மூன்று வேண்டுமென்றால் எழுத்துக் கொத்துகளைப் பிரிக்கும் யூனிகோட் செக்மென்டேஷன் என்ற தனி நூலகத்தைச் சேர்க்க வேண்டும். (அதுவும் ‘க்ஷ’-வை இரண்டாக எண்ணும். அந்தச் சண்டை வேறு.)

இப்போது ‘மூன்றாவது எழுத்தைக் கொடு’ என்றால் ரஸ்ட் எதைக் கொடுக்கும்? மூன்றில் எது உங்களுக்கு வேண்டும் என்று தெரியாமல் அது தராது. பைட் கணக்கில் வெட்டலாம். 0 முதல் 3 வரை வெட்டினால் ‘த’ கிடைக்கும், 0 முதல் 4 வரை வெட்டினால் எழுத்தின் நடுவில் கத்தி இறங்கியதென்று நிரலே நின்றுவிடும். பெயரை இருபது எழுத்தில் வெட்டிவிட்டு ‘முருகன்’ என்பதை ‘முருகன’ என்று அச்சடித்த ரசீதுகளை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! புள்ளியைத் தொலைத்தது யாரோ ஒரு நிரலாளர், ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவர்.

வகைகளைப் பொறுத்தவரை அன்றாடத்துக்கு இரண்டு போதும். ஸ்டிரிங் என்பது சொந்த வீடு, வளர்க்கலாம், மாற்றலாம். ஸ்டிரிங் ஸ்லைஸ் என்பது அந்த வீட்டின் ஜன்னல், பார்க்கலாம். ஃபங்ஷன் படிக்க மட்டும் போகிறதென்றால் ஜன்னலைக் கேட்கட்டும். ஸ்ட்ரக்டுக்குள் சேமிப்பதென்றால் சொந்த வீடு.

இன்னொரு தகவல்: 2021 ஜூனில் வந்த 1.53 பதிப்பிலிருந்து வேரியபிளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். ‘தொகை’ என்று வைத்துப் பார்த்தேன், முனகாமல் ஏற்றுக்கொண்டது.

இரவலின் ஆயுளைச் சொல்லும் லைஃப்டைம் குறிகள் பயமுறுத்துகின்றன.

ஆயுளை நீட்டும் மந்திரம் என்று நினைப்பதால் வரும் பயம். அந்தக் குறி எதையும் நீட்டாது. இந்த ஃபங்ஷன் திருப்பித் தரும் இரவல், உள்ளே வந்த எந்த இரவலின் வழியாக வந்தது என்று எழுதிக்கொடுக்கும் சீட்டு, அவ்வளவுதான். பெரும்பாலான இடங்களில் கம்பைலரே ஊகித்துக்கொள்ளும். ஸ்ட்ரக்டுக்குள் இரவலை வைக்க ஆசைப்படும்போதுதான் குறிகள் கரையான் மாதிரி எல்லா இடத்திலும் ஏறும். முதல் ஆறு மாதம் ஸ்ட்ரக்டுக்குள் சொந்தத் தரவை மட்டும் வையுங்கள்.

சி++-ல் ஸ்மார்ட் பாயிண்டர் இருக்கிறது, மூவ் இருக்கிறது. இதில் என்ன புதுசு?

நியாயமான கேள்வி. சி++ நன்றாகத் தெரிந்தவருக்கு ரஸ்டின் கொள்கை பாதி தெரிந்த மாதிரிதான். அங்கே மூவ் செய்த பிறகும் பழைய வேரியபிள் உயிரோடு இருக்கும், தொட்டால் கம்பைலர் தடுக்காது. ரெஃபரன்ஸ் எவ்வளவு நேரம் செல்லும் என்பது உங்கள் தலையிலும் கமென்டிலும் மட்டும் இருக்கும். ரஸ்ட் அதே ஒழுக்கத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறது.

அன்சேஃப் என்பது சில பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தும் சொல். ‘அன்சேஃப் போட்டால் எல்லாக் கட்டுப்பாடும் போய்விடுமே’ என்று சி++ நண்பர்கள் சிரிப்பார்கள். போகாது. அதற்குள்ளும் இரவல் விதிகள் அப்படியே இருக்கும். வெற்றுப் பாயிண்டரைத் திறந்து பார்ப்பது, அன்சேஃப் ஃபங்ஷனை அழைப்பது என்று ஐந்து வேலைகளுக்கு மட்டும் கூடுதல் அனுமதி கிடைக்கும். கிராஷ் வந்தால் எங்கே தேட வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும். மூன்று லட்சம் வரியில் தேடியவருக்கு இதன் அருமை தெரியும்.

ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் த்ரெட் எழுதும்போது உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

தெரியும். ஜாவா 6 காலத்தில் நாங்கள் ஒரு சாதாரண ஹாஷ்மேப்பைப் பல த்ரெட்களுக்கு நடுவில் பகிர்ந்து வைத்திருந்தோம். சோதனையில் ஒன்றுமில்லை. மாதக் கடைசியில், கூட்டம் ஏறும்போது மட்டும் சிபியு 100 சதவீதத்தில் போய் நின்றுவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்வோம், சரியாகும், கையைத் துடைத்துக்கொண்டு போவோம். இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் மேப்பைப் பெரிதாக்கும்போது உள்ளே இருக்கும் சங்கிலி வளையமாகிவிடுகிறது, தேடப் போன த்ரெட் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று மாதக் கடைசிகள் ஆயின.

அதே நிரலை ரஸ்டில் எழுத முயன்றால் கம்பைல் ஆகாது. மியூடெக்ஸ் என்ற பூட்டுக்குள் வை என்று சொல்லும். ஜாவாவில் பூட்டு ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம். பூட்ட மறந்தாலும் பொருள் கைக்கு வரும். ரஸ்டில் மியூடெக்ஸ் பீரோ மாதிரி, பொருள் அதற்குள்தான் இருக்கும், திறக்காமல் தொட வழியில்லை. ஒருவரையொருவர் எதிர்பார்த்து நிற்கும் டெட்லாக் மட்டும் வரும். இரண்டு பீரோவை இரண்டு பேர் எதிரெதிர் வரிசையில் திறந்தால் கம்பைலர் காப்பாற்றாது. மெமரி கசிவையும் முழுக்கத் தடுக்காது. எண்ணிக்கை வைத்துப் பகிரும் இரண்டு ஆர்சி பாயிண்டர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் இரண்டும் சாகாது.

நான் எழுதிய ரஸ்ட் நிரல் பைத்தானைவிட மெதுவாக ஓடுகிறதே?

ரிலீஸ் முறையில் பில்ட் செய்தீர்களா? சாதாரணமாகக் கொடுத்தால் வருவது டிபக் பில்ட், எந்த மெருகும் ஏற்றப்படாதது. பத்தில் எட்டுப் பேருக்குப் பதில் இதுதான் என்று என் டீக்கடை அனுபவம். இன்னொன்று: டிபக்கில் இன்டிஜர் நிரம்பி வழிந்தால் நிரல் நின்று சொல்லும், ரிலீஸில் சத்தமில்லாமல் சுற்றிவந்துவிடும். இரண்டிலும் சோதியுங்கள்.

கம்பைல் நேரம்தான் உண்மையான குறை. பெரிய ப்ராஜெக்டில் முதல் பில்டுக்கு டீ குடித்துவிட்டு வரலாம், வடையும் சாப்பிடலாம். வேலை செய்யும்போது, ரஸ்டின் பில்ட் கருவியான கார்கோவில், கார்கோ பில்டை விட்டுவிட்டுக் கார்கோ செக் பழகுங்கள். பைனரி செய்யாமல் பிழை மட்டும் பார்த்துச் சொல்லும்.

காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலை பார்க்க வைக்கும் அசிங்க் எப்போது படிக்கலாம்?

மற்ற எல்லாம் கைக்கு வந்த பிறகு. அசிங்க், அவெயிட் மொழியில் 2019 நவம்பரில் சேர்ந்தன, ஆனால் அவற்றை ஓட்டும் எஞ்சின் மொழியோடு வராது. டோக்கியோ என்ற நூலகம் போன்ற ஒன்றை வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். உரிமை, ஆயுள், த்ரெட் மூன்றின் சிக்கலும் ஒரே பிழைச் செய்தியில் வந்து நிற்கும். முதல் வாரமே வெப் சர்வர் எழுதப் போய் மொழியையே வெறுத்தவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். சாதாரண த்ரெட்டில் எழுதுங்கள். நீங்கள் நினைப்பதைவிட நெடுந்தூரம் போகும்.

ஏஐ-யிடம் கேட்டுக் கற்கலாமா?

விளக்கம் கேளுங்கள், திருத்தம் கேட்காதீர்கள். திருத்தித் தா என்றால் பல சமயம் ஒரு குளோனையோ, த்ரெட்களுக்கு நடுவில் பகிர உதவும் ஆர்க்கும் மியூடெக்ஸும் சேர்ந்த மூட்டையையோ போட்டுக் கம்பைல் ஆக்கிக் கொடுத்துவிடும். பச்சை விளக்கு எரியும், உங்களுக்கு எதுவும் ஏறியிருக்காது. ‘இந்த வரியில் உரிமையாளர் யார்?’ என்று கேட்டு, பதிலைக் கம்பைலரிடம் சரிபாருங்கள். இருவரில் கம்பைலர்தான் பொய் சொல்லாதவர்.

இன்று படித்தது இரண்டு வருடத்தில் பழசாகிவிடாதா?

ஆறு வாரத்துக்கு ஒரு முறை புது பதிப்பு வருகிறது, ஆனாலும் 2015-ல் எழுதிய நிரல் பெரும்பாலும் இன்றும் கம்பைல் ஆகும். பழையதை உடைக்கும் மாற்றங்களை 2015, 2018, 2021, 2024 என்று எடிஷன்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எது வேண்டும் என்று ப்ராஜெக்டில் நீங்கள்தான் குறிப்பிடுகிறீர்கள். பைத்தான் 2-லிருந்து 3-க்கு மாறியபோது பட்ட பாடு இங்கே இல்லை. 2020 ஆகஸ்டில் மொசில்லா ஆட்குறைப்பு செய்தபோது எனக்கும் வயிற்றைக் கலக்கியது. 2021 பிப்ரவரியில் கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான் வெப் சர்வீசஸ், ஹுவாவே, மொசில்லா சேர்ந்து ரஸ்ட் ஃபவுண்டேஷனை அமைத்த பிறகு அந்தக் கவலை விட்டது.

யாருக்கு வேண்டாம் என்பீர்கள்?

உங்கள் வேலை முழுக்கத் தரவுத்தளத்தில் எடுத்துத் திரையில் காட்டுவது, மெதுவாக இருப்பது எஸ்க்யூஎல் வினவல்தான் என்றால், ரஸ்ட் எதையும் தீர்க்காது. இன்டெக்ஸ் போடுங்கள். அடுத்த மாதமே வேலை மாற வேண்டும் என்பவருக்கும் இது குறுக்குவழி இல்லை.

சரி, ஆபீஸில் எங்கிருந்து ஆரம்பிப்பது?

இருக்கிற சர்வீஸைத் திருப்பி எழுதுகிறேன் என்று மேலாளரிடம் போகாதீர்கள். உடைந்தாலும் யாருக்கும் தெரியாத ஒரு சின்னக் கருவியை எடுங்கள். பைத்தான் அணி என்றால் மெதுவான ஒரு ஃபங்ஷனை மட்டும் பைஓ3 என்ற இணைப்பு நூலகம் வழியாக ரஸ்டில் எழுதி, பைத்தானிலிருந்தே அழைக்கலாம். பைத்தானின் ரஃப், யுவி இரண்டு கருவிகளும் ரஸ்டில் எழுதப்பட்டவை என்பதால் பேச்சை ஆரம்பிக்கவும் சுலபம்.

நாங்கள் எழுதியது லாக் கோப்புகளைச் சலித்து, ஒரே பிழையை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் கருவி. இருநூறு வரிகூட இல்லை. கோப்பைப் படிப்பது, ஸ்டிரிங், ஹாஷ்மேப், ரிசல்ட் நான்கும் அதற்குள் வந்துவிட்டன. மூன்றாவது வாரம் அணியில் இன்னொருவர் தேதி வாரியாக வடிகட்டும் வசதியைச் சேர்த்து அனுப்பினார். அவருக்கு அது முதல் ரஸ்ட் நிரல். தேவையில்லாத குளோன் இரண்டு இருந்தன. அப்படியே ஏற்றுக்கொண்டேன்.